கோயிற்காடும் ஊர்க்காவலும்

திருவாலங்காடு, திருவெண்காடு, திருமறைக்காடு, திருச்சாய்க்காடு, திருவேற்காடு எனக் காட்டின் பெயராலேயே வழங்கும் சிவத்தலங்கள் தமிழகத்தில் பல உள்ளன. திருநாவுக்கரசு சுவாமிகள் அடைவுத் திருத்தாண்டகத்தில் தலங்களை வகைப்படுத்திப் பாடியபொழுது, காடு என முடியும் தலங்களைத் தனியே ஒரு பாடலில் தொகுத்தருளினார். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் அமைந்ததும் தில்லை மரக்காட்டினாலேயே ஆகும். அத்தில்லை மரங்களை இன்று காண விழைவோர் நகரைக் கடந்து, கடலோரத்துப் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டிற்குச் செல்ல வேண்டியுள்ளது. தலமரம் ஒன்று மட்டும் எஞ்சி நிற்க, அதனைச் சூழ்ந்திருந்த வனம் மறைந்துபோன தலங்கள் மிகப் பல.

ஆயினும் நம் சிற்றூர்களின் எல்லையில் ஐயனார், காளியம்மன், முனீசுவரர் முதலிய காவல் தெய்வங்கள் உறையும் இடங்களில், சிறியனவும் பெரியனவுமாகக் கோயிற்காடுகள் இன்றும் நிலைத்துள்ளன. சுற்றிலும் இருந்த மரங்கள் விறகாகவும் வீட்டு மரமாகவும் மறைந்துவிட, இக்காடுகள் மட்டும் எவ்வாறு எஞ்சின? தெய்வத்தின்பால் கொண்ட அச்சத்தினால் என நாம் எளிதில் விடை கூறிவிடுகிறோம். அவ்விடை பாதியளவே உண்மை. அவ்வச்சத்தை ஒரு கட்டுப்பாடாக்கி, அதனைத் தலைமுறைதோறும் காத்து வந்தது ஊர். மக்களின் பங்கு காட்டின் நலத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

காட்டின் நலம் என்பது யாது?

ஒரு காட்டின் நலத்தை அதன் முதுமரங்களைக் கொண்டு மட்டும் அளவிடல் இயலாது. முதுமரத்தின் அடியில் இளங்கன்றுகள் நிற்கின்றனவா என்று நோக்க வேண்டும். கிழவர் மட்டும் வாழ்ந்து குழந்தைகள் இல்லாத வீடு எவ்வாறு வருங்காலமற்றதோ, அவ்வாறே கன்றுகள் இல்லாத காடும் வருங்காலமற்றது. அடுத்து, நிலத்தின்மீது சருகு மூடியுள்ளதா என்று காண வேண்டும். சருகு மட்கி மண்ணைப் பஞ்சுபோல் ஆக்குகின்றது. மழைநீர் ஓடி வீணாகாமல் அம்மண்ணில் இறங்கி, அருகிலுள்ள ஊருணிக்கும் கிணற்றுக்கும் ஊற்றாகின்றது. மூன்றாவதாக, பழந்தின்னும் பறவைகளும் வௌவால்களும் மரநாய்களும் வந்து செல்கின்றனவா என்பதை அறிய வேண்டும். விதைகளைத் தாய்மரத்தின் நிழலிலிருந்து எடுத்துச் சென்று பரப்புவோர் அவையே.

கன்றுகளை மேயும் ஆடு, சருகைக் கூட்டி அள்ளும் கை, பச்சைக் கிளையை வெட்டும் அரிவாள், கோடையில் பரவும் தீ ஆகிய நான்கும் எல்லை மீறும்பொழுது காடு நலிகின்றது. இந்நான்கும் காட்டை அடுத்து வாழும் மக்களின் அன்றாட வாழ்வோடு தொடர்புடையவை. ஆதலின், தொலைவிலுள்ள காவலர் ஒருவரால் இவற்றை முழுதும் தடுத்தல் அரிது. அருகே வாழ்வோர் மனம் இசைந்தால் ஒரே நாளில் தடுத்துவிட இயலும்.

புத்துப்பட்டு ஐயனார் காடு

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் புத்துப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்கே மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கின்றது. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகையைச் சேர்ந்தது அது. ஆண்டில் பல திங்கள் மழையின்றி இருந்தும் இலையுதிராமல் பசுமையாக நிற்றல் இவ்வகைக் காட்டின் இயல்பு. ஒரு காலத்தில் கடற்கரையை அடுத்துப் பரந்து கிடந்த இக்காடுகள் உழவுக்கும் விறகுக்கும் ஊர்ப்பெருக்கத்திற்கும் இரையாகிப் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றுள் பல, கோயில்களைச் சார்ந்த சிறு காடுகளே.

புத்துப்பட்டில் மிகுதியாகக் காணப்படும் மரம் காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று போற்றுகின்றோமே, அந்தக் காயாவே இது. பெருமானின் திருமேனி நிறத்திற்கு உவமையாக நாள்தோறும் நாம் சொல்லும் மலரை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறோம்? அதனைக் காண விரும்புவோர்க்கு இத்தகைய கோயிற்காடுகளே இன்று புகலிடம். வைணவர் போற்றும் மலரை ஐயனார் தம் காட்டில் காத்து வைத்திருக்கிறார் என்று எண்ணுதல் இன்பம் தருவதாகும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து இப்பகுதிக் கோயிற்காடுகளின் மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்து ஆய்ந்து வந்துள்ளனர். அருகிலுள்ள ஆரோவில் 1968-இல் தொடங்கியபொழுது அந்நிலம் மண் அரித்த செம்மண் மேடாக இருந்தது. அங்குக் காடு வளர்க்க முற்பட்டோர், இந்நிலத்திற்கு உரிய மரங்கள் எவை என்பதை அறிந்ததும், அவற்றின் விதைகளைப் பெற்றதும் இத்தகைய கோயிற்காடுகளிலிருந்தேயாம். ஊரார் எக்காலத்தோ காத்த சிறு காடு, அழிந்த காட்டிற்கு விதைநெல்லாகப் பயன்பட்டது.

கட்டுப்பாட்டின் இயல்பு

கோயிற்காடுகள் பலவற்றில் வழங்கி வந்த ஊர்க்கட்டுப்பாடுகளை நோக்கினால், ஒவ்வொன்றும் காட்டின் ஓர் உறுப்பைக் காப்பதை உணரலாம். காட்டினுள் இரும்புக் கருவி கொண்டு செல்லலாகாது என்பது வெட்டுதலைத் தடுத்தது. விழுந்த விறகையும் வீட்டிற்கு எடுத்துச் செல்லலாகாது என்பது மண்ணின் உரத்தைக் காத்தது. காலணியோடு நுழையலாகாது என்பது அங்கே அடியெடுத்து வைக்கும்பொழுதே ஒருவரைப் பணிவுடையவராக்கிற்று. திருவிழாக் காலத்தில் மட்டும் ஊரே திரண்டு செல்லும் வழக்கம், ஏனைய நாள்களில் காட்டிற்கு ஓய்வளித்தது. நேர்ந்துகொண்ட மண்குதிரையைச் செலுத்திவிட்டு அன்பர் திரும்பிவிடுவர். அது காலப்போக்கில் மண்ணோடு மண்ணாகும்.

பொதுச் சொத்துகளை மக்கள் எவ்வாறு காக்கின்றனர் என்று பல நாடுகளில் ஆய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 2009-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். நெடுங்காலம் நிலைத்த பொதுச் சொத்துகளில் அவர் கண்ட பொதுவியல்புகள் சில. எல்லை தெளிவாக இருத்தல், விதிகள் அவ்விடத்திற்குப் பொருந்துதல், விதிக்கு உட்படுவோரே அதனை வகுப்பதிலும் பங்கு கொள்ளுதல், கண்காணிப்பு இருத்தல், தவற்றின் அளவிற்கேற்பத் தண்டம் விதித்தல், பூசலைத் தீர்க்க எளிய வழி இருத்தல், மக்களின் உரிமையை அரசு ஏற்றல் என்பன அவற்றுள் அடங்கும். நம் ஊர்க்கூட்டங்களின் நடைமுறையை அறிந்தோர்க்கு இவற்றுள் பெரும்பாலானவை புதியன அல்ல.

இமயமலைச் சாரலில்

பத்ரிநாதமும் கேதாரமும் விளங்கும் இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அங்குள்ள குமாவோன் பகுதியில் 1911 முதல் 1917 வரை ஆங்கிலேய அரசு மலைக்காடுகளைக் காப்புக்காடுகளாக்கி, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மக்களுக்கு இருந்த உரிமைகளைச் சுருக்கியது. அதுவரை தமதென்று காத்த காட்டை மக்கள் அயலாரின் பொருளாகக் கருதத் தலைப்பட்டனர். 1921-ஆம் ஆண்டில் சீற்றம் கொண்ட மக்கள் அரசின் பைன் மரக் காடுகளுக்குத் தீ வைத்தனர். காவலர் மிகுந்தும் காடு எரிந்தது. அரசு குறை கேட்கும் குழு ஒன்றை அமைத்து, அதன்வழியே 1931-இல் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகளை வகுத்தது. ஊர்க்காட்டை ஊராரே தேர்ந்தெடுத்த குழுவிடம் ஒப்படைக்கும் முறை இது. இன்று அம்மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன.

பயன் யாது? 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, வனப் பஞ்சாயத்துகள் காத்த காடுகளையும் அரசு நேரே காத்த காடுகளையும் ஒப்பிட்டது. ஊர்க்குழுக்கள் காத்தவை அரசுக் காடுகளினும் தாழ்ந்தவை அல்ல என்றும், சில வகையில் மேம்பட்டிருக்கக்கூடும் என்றும், காவலுக்கான செலவோ பல மடங்கு குறைவு என்றும் அது கண்டறிந்தது.

இவ்வரலாற்றில் நம் சிந்தையைக் கவரும் வழக்கம் ஒன்று உண்டு. குமாவோனின் பித்தோராகட் பகுதியில், ஊர்க்காடு மிகவும் நலிந்துவிட்டது என ஊரார் உணர்ந்தால், கூடிப் பேசி, அக்காட்டைக் கோகிலா தேவிக்கு ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு நேர்ந்துவிடுகின்றனர். அக்காலம் முடியும்வரை அக்காடு தேவியின் உடைமை. அதனுள் எவரும் மரம் வெட்டுவதில்லை. குறித்த காலம் முடிந்தபின் தழைத்த காட்டை ஊர் மீண்டும் ஏற்று, அளவோடு பயன்கொள்கின்றது. இங்கே முடிவு செய்வது ஊர். சான்றாக நிற்பது தெய்வம். பக்தியும் பொறுப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சால மரக்காடு தழைத்த வரலாறு

மேற்கு வங்க மாநிலம் மேதினிப்பூர் மாவட்டத்து அரபாரியில் 1972-ஆம் ஆண்டளவில் சால மரக்காடு வெட்டுண்டு வெறும் அடிக்கட்டைகளாகக் கிடந்தது. விறகை விற்று வயிறு வளர்க்கும் ஏழை மக்களுக்கும் வனக்காவலர்க்கும் ஓயாத பூசல். அங்குப் பணியாற்றிய வன அலுவலர் அஜித்குமார் பானர்ஜி, சுற்றியிருந்த 11 ஊர்களைச் சேர்ந்த 618 குடும்பங்களோடு உடன்பாடு கண்டார். ஏறத்தாழ 1,272 ஹெக்டேர் காட்டை மக்கள் காக்க வேண்டும். அவர்களுக்கு வேலையும், விறகு, இலை முதலியவற்றில் உரிமையும், மரம் முதிர்ந்தபின் வரும் வருவாயில் 25 விழுக்காடும் உண்டு என்பது உடன்பாடு.

சால மரத்தின் வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. வெட்டுவது நின்றவுடன் அடிக்கட்டைகள் தாமே துளிர்த்தன. ஆண்டுகள் சில கழிந்ததும் அங்கே மீண்டும் காடு நின்றது. நலிந்த காட்டிற்குப் பல இடங்களில் முதற்கண் வேண்டுவது ஓய்வே என்பதும், அவ்வோய்வைத் தரவல்லவர் அருகே வாழ்வோரே என்பதும் அரபாரி உணர்த்திய பாடம். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மக்களின் பங்கினை வலியுறுத்தியது. 1990-ஆம் ஆண்டு சூன் திங்களில் நடுவண் அரசு கூட்டு வன மேலாண்மைக்கான நெறிமுறையை வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ்க் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகக் காடு சார்ந்து வாழ்வோரின் சமூக உரிமைகளையும் காக்கும் கடமையையும் கிராமசபையோடு இணைத்தது.

பசுபதிநாதர் கோயில் கொண்ட நேபாளத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1957-இல் காடுகளை அரசுடைமையாக்கியபின் காவல் தளர்ந்து மலைகள் மொட்டையாயின. 1993-ஆம் ஆண்டின் வனச்சட்டம் காடுகளை ஊர்ப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைக்க வழிசெய்தது. 1992-இல் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 26 விழுக்காடாக இருந்த காடு 2016-இல் ஏறத்தாழ 45 விழுக்காடாக உயர்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இளைஞர்கள் வேலை தேடி வெளிநாடு சென்றதனால் மலைவயல்கள் தரிசாகிக் காடானதும் இதற்கு ஒரு காரணம். எனினும் ஊர்க்குழுக்களின் காவல் இதில் பெரும்பங்கு வகித்ததை அறிஞர்கள் ஏற்கின்றனர்.

காவல் தவறும் இடங்கள்

மக்கள் பங்கு என்று பெயரிட்ட அளவிலேயே காடு தழைத்துவிடும் எனக் கருதுதல் கூடாது. திட்டப் பணம் வரும்வரை கூடி, பணம் நின்றதும் கலைந்துபோன குழுக்கள் நாட்டில் பல. முடிவெடுக்கும் உரிமை மக்களுக்கு இல்லாது, காவற்பணி மட்டும் அவர்கள்மீது சுமத்தப்பட்ட இடங்களிலும் ஆர்வம் விரைவில் தேய்ந்தது.

மற்றொன்றும் உண்டு. ஊர் என்னும்பொழுது ஊரில் யார் யார் அடங்குவர்? விறகு பொறுக்கும் பெண்களையும் ஆடு மேய்ப்போரையும் கலவாமல் சிலர் மட்டும் கூடி விதி செய்தால், அவ்விதியின் சுமை முழுதும் ஏழையின் தலையில் இறங்குகின்றது. மாற்று வழியற்றவர் இரவில் வெட்டுவர், கட்டுப்பாடு குலையும். பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் குசராத்திலும் நேபாளத்திலும் ஆய்ந்து, வனக்குழுக்களில் பெண்கள் மிகுந்த இடங்களில் காட்டின் நிலை மேம்பட்டமையை 2010-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். காட்டை நாள்தோறும் அறிந்தவர் சொல்லுக்கு இடமிருந்தால்தான் விதி நடைமுறைக்குப் பொருந்தும்.

நம் முன் உள்ள கடமை

அன்பர்களே, இன்று கோயிற்காடுகளுக்கு நேரும் கேடு கோடரியினால் மட்டும் வருவதன்று. நம் பக்தியினாலேயே வருவதும் உண்டு என்பதை மனம் நோகாமல் சிந்திக்க வேண்டுகிறோம். குலதெய்வத்தை வழிபடும் குடும்பங்கள் பல இன்று நகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றன. அவர்கள் நன்றியோடு பொருள் அனுப்புகின்றனர். அப்பொருளால் மண்டபமும், சுற்றுச்சுவரும், சிமெண்டுத் தரையும், வண்டிகள் நிற்க இடமும் அமைகின்றன. ஒவ்வொன்றும் காட்டின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றது. சில ஹெக்டேர் அளவே உள்ள காட்டில் நடுவே பாதை அமைந்தால், வெயிலும் காற்றும் உட்புகுந்து, நிழலில் முளைக்கும் கன்றுகள் கருகுகின்றன. வெளிச்சம் பட்ட இடத்தில் சீமைக் கருவேலும் உண்ணிச்செடியும் குடியேறுகின்றன. வெளியூரிலிருந்து வந்து செல்வோர்க்குக் கட்டுப்பாடு தெரிவதில்லை; ஊரிலிருப்போர் அதனைச் சொல்லத் தயங்குகின்றனர். காடு காத்த ஊர் என்னும் உறவு இவ்வாறு தளர்கின்றது.

தெய்வம் வெட்டவெளியில் மரநிழலில் இருத்தல் குறையன்று. அக்காடே அத்தெய்வத்தின் திருக்கோயில். ஆதலின் காட்டைக் காத்தலும் திருப்பணியே என்பதை உணர்தல் வேண்டும். இதற்கு ஒவ்வோர் ஊரும் செய்யத்தக்கவை சில:

1. காட்டின் எல்லையை அளந்து கல் நாட்டுதல். எல்லை தெரியாத காட்டிற்குக் காவல் இல்லை.

2. பெண்களும் ஆடு மேய்ப்போரும் உட்பட ஊரார் அனைவரும் கூடி விதிகளைப் புதுப்பித்து, வெளியூர் அன்பர்க்கும் விளங்குமாறு நுழைவிடத்தில் எழுதி வைத்தல்.

3. கட்டடம் தவிர்க்க இயலாதாயின் காட்டிற்கு வெளியே அமைத்தல். உள்ளே சிமெண்டுத் தளம் இடாதிருத்தல்.

4. சருகை எரிக்காமலும் அகற்றாமலும் விடுதல். கற்பூரமும் தீபமும் சருகு படாத இடத்தில் மட்டும் ஏற்றுதல்.

5. சீமைக் கருவேலையும் உண்ணிச்செடியையும் சிறிது சிறிதாக அகற்றி, அவ்விடத்தில் அக்காட்டின் விதையிலிருந்தே கன்றுகளை வளர்த்தல். அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடாதிருத்தல்.

6. திருவிழாவிற்கு மறுநாள் ஊரார் கூடி நெகிழிப் பொருள்களை அகற்றுதல்.

7. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளாட்சியில் தொகுக்கப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் காட்டையும் அதன் உயிர்களையும் பதிவு செய்தல்.

இச்சட்டம் கோயிற்காட்டிற்குத் துணையாக நிற்கும் என்பதற்குச் சான்றும் உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் அழகர்மலைக் காப்புக்காட்டை அடுத்துள்ள காசம்பட்டி வீரகோயில் காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேரே. அதனைத் தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டில் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு 2022-இல் கிடைத்த சிறப்பினை அடுத்து மாநிலத்தில் இரண்டாவதாக இச்சிறப்பைப் பெற்றது, ஊரார் வழிபட்டுக் காத்த இச்சிறு காடேயாகும். சீர்குலைந்த கோயிற்காடுகளை ஊர்மக்களோடு இணைந்து சென்னை சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் மீட்டெடுத்து வந்ததும் ஊக்கம் தருவதாகும்.

அடுத்த முறை குலதெய்வத்தை வழிபடச் செல்லும் அன்பர்கள், தீபாராதனை முடிந்தபின் சற்று நேரம் காட்டின் ஓரத்தில் நின்று, முதுமரங்களின் அடியில் இளங்கன்றுகள் உள்ளனவா என்று குனிந்து நோக்குவார்களாக. இருப்பின், அவ்வூரார்க்கு நன்றி கூறுவார்களாக. இல்லையேல், ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து அதனைப் பேசுவார்களாக. அத்தகைய பேச்சிலேயே ஊர்க்காவல் மீண்டும் தொடங்கும். எல்லையில் நின்று நம்மைக் காக்கும் தெய்வம், தன் காட்டைக் காக்கும் நல்லுணர்வையும் நமக்கு அருள்வதாக.